வீட்டுக்கு ஒரு கைப்பிடி பூளைப்பூ

மார்கழி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலை ஆறரை மணிக்குப் பூங்காவின் தெற்கு மூலையில், புல்காட்டின் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். நடைபாதையில் நல்லசிவம் சார் வந்தார். தினமும் என்னைத் தாண்டும்போது, "என்னுங்ணா, இன்னைக்கு எத்தனை பாம்பு?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அன்று கேட்கவில்லை. நின்றார். காதைச் சுற்றிக் கட்டியிருந்த மப்ளரை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"செங்கோடண்ணா, டீச்சரம்மா தவறிட்டாங்களாமா. விடியக்காலம். அவங்க ஊட்டுக்காரரு இப்பத்தான் போன் பண்ணுனாரு."

நான் களைக்கொத்தைக் கீழே வைத்தேன். அவர் போன பிறகு களைக்கொத்தை மறுபடி எடுத்து, மீதி ஓரத்தையும் செதுக்கி முடித்தேன். பாதியில் விட்டுப் போனால் டீச்சரம்மா கேட்பார்கள் என்ற நினைப்பு. முடித்துவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

அவர்கள் நினைவாகப் பூங்கா நண்பர்கள் ஒரு சிறு மலர் போடுகிறார்கள். நானும் எழுத வேண்டும் என்று கேட்டார்கள். எனக்கு வயது எழுபத்தொன்று. எழுதப் பழகி ஒன்றே கால் வருடம்தான் ஆகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆனாலும் எழுதப் பிடித்திருக்கிறது. பார்த்ததை மட்டும் எழுது என்பது டீச்சரம்மா எனக்கு வைத்த சட்டம். அதன்படியே எழுதுகிறேன்.

கோகிலவாணி டீச்சரம்மா நாமகிரிப்பேட்டையில் பிறந்தவர்கள். அரசாங்கப் பெண்கள் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர்கள். ஃபேர்லேண்ட்ஸில் பூங்காவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. குள்ளமான உருவம். வெயிலுக்கு ஒரு தென்னை ஓலைத் தொப்பி போட்டுக்கொள்வார்கள். முழங்கால் வலி உண்டு. ஆனாலும் குனிந்துதான் எதையும் பார்ப்பார்கள். ஒரு செடியை நின்றபடி பார்த்து அதன் பெயரைச் சொன்னதை நான் கண்டதில்லை.

நான் மல்லசமுத்திரம் பக்கம். நாற்பது வருடம் பிறர் காட்டில் பண்ணையம் பார்த்தேன். மகளைச் சேலத்தில் கட்டிக்கொடுத்த பிறகு நானும் என் வீட்டுக்காரி பாவாயியும் இங்கே வந்துவிட்டோம். பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் அந்தத் தெற்கு மூலையில் சீமைப்புல் இருந்தது. ஒவ்வொரு கோடையிலும் காய்ந்து கருகும். ஒவ்வொரு ஆடியிலும் லாரியில் புதுப்புல் பாய் பாயாக வந்து இறங்கும். டீச்சரம்மா மாநகராட்சி அலுவலகத்துக்குப் பல முறை நடந்து, அந்த மூலையில் நம் ஊர்ப் புல்லையும் பூண்டையும் வளர்க்க அனுமதி வாங்கி வந்தார்கள். விதைகளைத் துணிப்பைகளில் கொண்டுவந்தார்கள். ரயில் பாதை ஓரத்திலும், நைனாமலை அடிவாரத்திலும், வீடு கட்டப் போகிற வெற்று மனைகளிலும் அவர்களே பொறுக்கியவை. கொழுக்கட்டைப்புல், ஊசிப்புல், ஆவாரை, பூளை, கொழிஞ்சி, விஷ்ணுகிரந்தி. பையைத் திறந்து காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க டீச்சர், இதையெல்லாம் புடுங்கறதுக்குத்தான் எனக்கு இத்தனை வருசமாக் கூலி குடுத்தாங்க."

"இப்ப வளக்கறதுக்குக் குடுக்கறோம். செரியாப் போச்சில்ல?"

விதைத்த மறுநாள் நான் ரப்பர் பைப்பை இழுத்துக்கொண்டு வந்தேன். தூரத்தில் வரும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்கள்.

"அதைக் கொண்டுபோய் அங்கியே போடுங்ணா."

"தண்ணி உடலீனா காஞ்சு போயிருமுங்க."

"காயட்டுமுங்க. மழை வந்தா எந்திரிக்கும். எந்திரிக்காததெல்லாம் நம்மூருது இல்லைன்னு அர்த்தம்."

மழை வந்தது. எழுந்தது. அந்த வருடம் முழுவதும் நாங்கள் செய்த பெரிய வேலை பார்த்தீனியத்தைப் பிடுங்குவதுதான். அது பூப்பதற்கு முன்னால், மழை பெய்து மண் இளகிய மறுநாள், வேரோடு பிடுங்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொண்டாலும் கழுத்தெல்லாம் அரிக்கும். டீச்சரம்மாவும் என்னோடு உட்கார்ந்து பிடுங்குவார்கள். அரிப்பு தாங்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் சொரிந்துகொண்டே பேசிக்கொண்டிருப்போம்.

அந்த முதல் மார்கழியில்தான் நான் பெரிய தப்பு ஒன்று செய்தேன். டீச்சரம்மா மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருந்தார்கள். நாலு நாள். அவர்கள் வருவதற்குள் புல்காட்டைச் சுத்தமாக வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தேன். கொழுக்கட்டைப்புல் எங்கள் பக்கம் ஆடு மாடு மேயும் புல். அதை மட்டும் விட்டேன். பூளை, கொழிஞ்சி, இன்னும் கைக்கு அகப்பட்ட பூண்டெல்லாம் பிடுங்கி எறிந்தேன். கையைத் தடுக்கவே முடியவில்லை. அவற்றைக் களை என்றே அந்தக் கை நாற்பது வருடம் பழகியிருந்தது. முடித்துப் பார்த்தபோது களை எடுத்த ராகிக் காடு மாதிரி அழகாக இருந்தது.

டீச்சரம்மா வந்தார்கள். தொப்பியைக் கழற்றினார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

"நெம்பச் சுத்தமாப் பண்ணியிருக்கீங்ணா. பண்ணையம் பண்ணுன கை," என்றார்கள். பிறகு, "புடுங்குனதெல்லாம் எங்க போட்டீங்க?" என்று கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பூளை வெள்ளைவெள்ளையாகப் பஞ்சு கட்டி நின்ற நேரம் அது. இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் விதை உதிர்ந்திருக்கும். இருவரும் பூங்காவின் குப்பைக் குழிக்குப் போனோம். ஒவ்வொரு செடியாக வெளியே எடுத்து, நிழலில் சாக்கு விரித்து உலர்த்தினோம். பத்து நாள் கழித்துச் சாக்கை உதறி, தேறிய விதையைத் திரும்பப் புல்காட்டிலேயே தூவினோம். அந்தப் பத்து நாளும் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடைசி நாள் மட்டும், "களைன்னு செடிக்கு யாருங்ணா பேரு வெச்சது? நிக்கிற எடத்தைப் பாத்து நாம வெக்கிறதுதான்," என்றார்கள்.

அடுத்த வருடம் புல் இடுப்புக்கு வந்தது. அதோடு நல்லசிவம் சாரும் வந்தார். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர். தொழிலை மகனிடம் விட்டுவிட்டு இங்கே வந்து குடியிருக்கிறார். பூங்காவில் நடப்பவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, அதற்குச் செயலாளர். புல்காட்டைப் பார்த்தாலே அவருக்கு ஆகாது, பாம்பு அடையும் என்பார். ஒரு நாள் பாதையை விட்டுக் குறுக்கே நடந்து வந்தார். மறுபக்கம் ஏறியபோது அவருடைய கால்சட்டை முழுக்க ஊசிப்புல் விதை. முழங்கால் வரை முள்ளம்பன்றி மாதிரி நின்றார்.

"என்னம்மா இது, பார்க்கா, காடா? உக்காந்து நோண்டி எடுக்கோணும்னா அரை நாள் ஆகுமாட்ட இருக்குது!"

"அப்படியே ஊட்டுக்குப் போங்க சார். வாசல்ல உக்காந்து எடுங்க," என்றார்கள் டீச்சரம்மா.

"ஏனுங்க?"

"உங்க ஊட்டு வாசல்லயும் நாலு மொளைக்கட்டும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்த ஆவாரஞ்செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அவர் கோபமாகத்தான் போனார். ஆனால் அன்றைக்கே டீச்சரம்மா என்னைக் கூப்பிட்டு, பாதையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குப் புல்லை ஒட்டச் செதுக்கச் சொன்னார்கள்.

"ஓரம் நேரா இருந்துதுன்னா உள்ள இருக்கறதையும் ஒரு ஆளு பாத்துக்கறாங்கன்னு தெரியுமுங்ணா. அவரு சொல்றதுலயும் ஞாயம் இருக்குது."

அன்று முதல் அந்த ஓரம் கோணியதில்லை.

அந்த மார்கழிக் கடைசியில் காப்புக்கட்டு வந்தது. பொங்கலுக்கு முதல் நாள், பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலிலும் காட்டு மூலையிலும் செருகுவது எங்கள் பக்கத்து வழக்கம். டவுனில் இருக்கிறவர்களும் விடுவதில்லை. கடையில் வாங்கிக் கட்டுவார்கள். காலை ஏழு மணிக்குப் பார்த்தால் புல்காட்டைச் சுற்றி இருபது பேர் பையோடு நிற்கிறார்கள். காடு காடு என்று முந்தின மாதம் முகம் சுளித்தவர்கள் பாதிப் பேர். இரண்டு பெண்கள் பூளையை வேரோடு உருவ ஆரம்பித்துவிட்டார்கள். நான் கத்தப் போனேன். டீச்சரம்மா என் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, பையிலிருந்து தையல் கத்தரியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்கள்.

"ஊட்டுக்கு ஒரு கைப்பிடி. வேரோட புடுங்காதீங்க சாமி, நாந்தான் அறுத்துத் தருவேன். வரிசையா வாங்க."

வரிசையாகவே வந்தார்கள். நல்லசிவம் சார் தம் வீட்டம்மாவோடு கடைசியில் நின்றார். டீச்சரம்மா அவருடைய கைப்பிடியை அறுத்துக்கொண்டே கேட்டார்கள்.

"பாம்பு இருக்குதுன்னீங்களே சார், பயமில்லீங்களா?"

"பொங்கலுக்கு அதும் ஊருக்குப் போயிருக்குமுங்க," என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

டீச்சரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று மொத்தத்தில் பாதிப் பூளைதான் போயிருந்தது. மீதி நின்று விதை உதிர்த்தது. தமக்கென்று ஒரு கைப்பிடியைக் கடைசியாக அறுத்து, சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு வந்த காப்புக்கட்டிலும் அப்படியே செய்தார்கள்.

மாசியில்தான் நாங்கள் புல் அறுப்போம். அதிலும் மூன்றில் ஒரு பங்குதான். அறுத்ததை இரண்டு நாள் அங்கேயே கிடக்கவிட்டு, விதை உதிரத் தட்டி உதறிவிட்டு எடுப்போம். மீதி இரண்டு பங்கு குருவிகளுக்கும் பூச்சிகளுக்கும் என்பது டீச்சரம்மாவின் கணக்கு.

போன வருடம் புரட்டாசியில் டீச்சரம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது என்று தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த நாட்களில் பூங்காவுக்கு வர முடியாது. அவர்களிடம் ஒரு நோட்டு இருந்தது. எது முளைத்தது, எது பூத்தது, எந்தக் குருவி வந்தது என்று முதல் நாளிலிருந்து எழுதிய நோட்டு. நாள் விட்டுப் போவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க எழுதுங்ணா," என்றார்கள்.

"எனக்கு எழுதத் தெரியாதுங்களே."

"தெரியாதுன்னா? செடிக்குப் பக்கத்துல பேருப்பலகை அத்தனையும் நீங்கதான நட்டீங்க. எது எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல?"

தெரியும். அங்கிருந்தே ஆரம்பித்தார்கள். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு பலகையையும் காட்டுவார்கள். செடி எனக்குத் தெரிந்ததாக இருந்ததால் பெயர் தெரியும். பெயர் தெரிந்ததால் எழுத்து ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. ஒரு மழைக்காலம் ஆயிற்று. நான் முதன்முதலாக எழுதிய வரி, "இன்று பூளை பூத்தது". அதை எழுதிய அன்று பாவாயியிடம் நாலு தடவை படித்துக் காட்டினேன். "பூத்தா பூத்துட்டுப் போவுது, சோத்தைத் திங்க வாங்க," என்றாள். எனக்கு அன்று சோறு ஒரு பொருட்டாகவே இல்லை.

டீச்சரம்மா என் எழுத்துப் பிழையைத் திருத்தியதைவிட வேறொன்றை அதிகம் திருத்தினார்கள். "நிறைய வண்ணத்துப்பூச்சி" என்று எழுதினால், "நெறையன்னா எத்தனைங்ணா? எண்ணி எழுதுங்க," என்பார்கள். ஒரு நாள் நல்ல மழை. நான் பூங்காவுக்கே போகவில்லை. நோட்டில் மட்டும், முந்தின நாள் எழுதியதைப் பார்த்து, விஷ்ணுகிரந்தி பன்னிரண்டு பூ என்று எழுதிவைத்தேன். மறுநாள் படித்துப் பார்த்தார்கள்.

"நேத்துப் போனீங்களாண்ணா?"

"போனனுங்க."

"விஷ்ணுகிரந்தி வெயில் இல்லாத நாள்ல விரியாதுங்களே."

எனக்கு முகம் செத்துவிட்டது. அவர்கள் அந்த வரியை அடிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. பக்கத்தில் "பார்க்கவில்லை" என்று என் கையாலேயே எழுதச் சொன்னார்கள். "பார்க்காத நாளும் எழுதலாமுங்ணா. பார்க்கலைன்னு எழுதோணும்," என்றார்கள்.

இந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. புல் தலைக்கு மேலே வளர்ந்தது. டீச்சரம்மா வருவது மிகவும் குறைந்துவிட்டது. நடப்பவர்கள் சங்கத்தில் மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதினார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, புதராகிவிட்டது, வழித்துவிட்டுப் பழையபடி சீமைப்புல் போட வேண்டும் என்று. முதல் கையெழுத்து நல்லசிவம் சாருடையது. மார்கழியில் அதிகாரி நேரில் வந்து பார்த்து முடிவு செய்வார் என்று அலுவலகத்திலிருந்து பதில் வந்தது.

கார்த்திகைக் கடைசியில் டீச்சரம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அதுதான் கடைசி. கை கால் வீங்கியிருந்தது. பெஞ்சு வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மனுவைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வெதை இன்னும் விழுகலைங்ணா. இப்ப வழிச்சாங்கன்னா நாலு வருசமும் போச்சு. மறுக்கா பொறுக்கறதுக்கு என்னால ஆகாது."

"அதிகாரி வரும்போது நீங்க வந்துருவீங்க டீச்சர். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

அவர்கள் புல்காட்டுப் பக்கம் திரும்பினார்கள். சில்லைக்குருவிகள் கொழுக்கட்டைப்புல்லின் கதிரில் தொங்கிக்கொண்டு விதை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனை என்று கேட்டார்கள். பதினேழு என்றேன். "பத்தொம்போது. ஆவாரைக்குள்ள ரண்டு இருக்குது," என்றார்கள். நோட்டை என் மடியில் வைத்தார்கள். பைக்குள் கையை விட்டுக் கத்தரியையும் எடுத்து அதன் மேல் வைத்தார்கள். ஆட்டோவில் ஏறும்போது, "வாரேனுங்ணா. ஓரத்தை உட்டுறாதீங்க," என்றார்கள்.

அவர்கள் தவறி ஒன்பதாம் நாள் அதிகாரி வந்தார். சின்ன வயது. கையில் மனு. சங்கத்திலிருந்து ஏழெட்டுப் பேர் கூட நின்றார்கள். டீச்சரம்மா இருந்திருந்தால் ஒவ்வொரு செடியாகக் குனிந்து காட்டியிருப்பார்கள். எனக்கு அப்படிப் பேச வராது.

"இதை யார் பராமரிக்கிறது?" என்று கேட்டார்.

"நானுங்க."

"என்ன பராமரிப்பு? புல் பாட்டுக்கு வளருது."

நோட்டை நீட்டினேன். நின்றபடி புரட்டினார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து புரட்டினார். டீச்சரம்மாவின் எழுத்து முடிந்து என் எழுத்து ஆரம்பிக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். "பார்க்கவில்லைன்னு ஒரு நாள் எழுதியிருக்கீங்க?" என்றார்.

"அன்னைக்குப் பார்க்கலீங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு நேராக இருந்த ஓரத்தைப் பார்த்தார். மனுவை விரித்து, "இதில முதல் கையெழுத்து யாருது?" என்று கேட்டார்.

நல்லசிவம் சார் முன்னால் வந்தார். "என்னுதுதானுங்க. அதை அடிச்சுருங்க."

"ஏன் சார்?"

"காப்புக்கட்டுக்கு இன்னும் கொஞ்ச நாளுத்தான் இருக்குது. பூளைப்பூவுக்கு நான் எங்க போறது?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார். பேனாவை வாங்கி மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தம் பெயரை அடித்தார்கள். இரண்டு பேர் மட்டும் அடிக்கவில்லை. அதையும் எழுத வேண்டும் அல்லவா. இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். ஒரு வருடம் என்றால் ஒரு விதைப்பு. எனக்கு அது போதும்.

காப்புக்கட்டு அன்று விடிந்ததும் கத்தரியோடு போய் நின்றேன். போன தடவையைவிடக் கூட்டம் அதிகம். நாற்பத்திரண்டு வீடு, எண்ணினேன். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அறுத்துக் கொடுத்தேன். யாரும் வேரில் கை வைக்கவில்லை. நல்லசிவம் சார் வந்து தம் கைப்பிடியை வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு மதிலோரத்தில் ஊசிப்புல் நாலு தூர் முளைத்திருப்பதாகச் சொன்னார். பிறகு பெஞ்சுக்குப் பக்கத்தில், நான் யாரையும் தொடவிடாத ஒரு கொத்தைக் காட்டிக் கேட்டார்.

"அது யாருக்குங்ணா? எனக்கு அதுல ரண்டு காம்பு குடுத்தா ஆகாதா?"

"ஆகாதுங்க. டீச்சரூட்டுக்கு."

"சாவு உழுந்த ஊட்ல இந்த வருசம் காப்புக் கட்ட மாட்டாங்களே."

"கட்ட மாட்டாங்க. அதனால அறுக்கலீங்க."

அவர் கொஞ்ச நேரம் அந்தக் கொத்தைப் பார்த்தார். பாதையோடு போனார். குறுக்கே நடக்கவில்லை.

டீச்சரம்மா, உங்கள் கைப்பிடி பெஞ்சுக்குக் கிழக்கே நிற்கிறது. பதினாறு கதிர். தை பிறந்து நாலாம் நாள் காற்றில் பஞ்சு பிரியத் தொடங்கியது. இன்று காலை எண்ணியபோது ஐந்து கதிர் மொட்டையாகிவிட்டது. விதை எங்கே போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றே நோட்டில் எழுதியிருக்கிறேன். ஓரத்தை விடவில்லை. நீங்கள் நிம்மதியாகப் போய்ச் சேருங்கள்.